தொண்டி அறையில் மூன்று அம்புகள்

ஆண்டுமலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தமிழ் மன்றத்துப் பிள்ளைகள் ‘பணிக்காலத்து இனிய நினைவுகள்’ என்று தலைப்பையும் அவர்களே எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். நான் நீதிமன்றத்தில் தொண்டி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். வழக்குகளில் போலீஸ் கைப்பற்றிக் கொண்டுவரும் பொருள்களைத் தொண்டி என்பார்கள். கத்தி, கம்பு, சாராயக் கேன், திருட்டு ரப்பர் ஷீட், ரத்தம் காய்ந்த சட்டை எல்லாம் வழக்கு முடியும்வரை ஓர் அறையில் பூட்டிக் கிடக்கும். அந்த அறையின் சாவி என்னிடம் இருந்தது. அதில் இனிய நினைவுக்கு எங்கே போவது? அந்த அறையில் இருந்தது துரு மட்டும்தான். ஆகவே துருவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போது என் நாற்காலியில் இருக்கும் ஆரியங்கோட்டுப் பெண் போன மாதம் போனில் கூப்பிட்டாள். புதுக் கட்டடத்துக்கு மாறப் போகிறார்களாம். தொண்டி அறைக்குக் குளிர்சாதனம் உண்டாம். அதுவரைக்கும் கத்திகளுக்கு என்ன எண்ணெய் பூசலாம் அக்கா என்று கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது, அவள்மேல் இல்லை. என்ன எண்ணெய் என்பது ஒரு கேள்வியே இல்லை, பூசுவதற்கு யார் அனுமதி தருவார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள் என்றேன். அதற்குப் பிறகு ஒரு பழைய கேஸில் வந்த பாஸ்கரனின் அம்புகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவளுடைய மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

நான் மலையாள எல்லைப் பக்கத்துப் பாறசாலைக்காரி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, மலையாளத்தில் பரீட்சை எழுதி, கோர்ட் வேலைக்கு வந்தவள். எனக்கு முன்னால் இருந்தவர் சாவிக்கொத்தைக் கையில் தந்து, எதையும் தொடாதே, எதையும் தொலைக்காதே என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடிக்கப் போய்விட்டார். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். கோர்ட் பழைய ஓட்டுக் கட்டடம். தொண்டி அறை கழிப்பறைக்கும் பழைய வழக்குக் காகிதக் கட்டுகள் வைக்கும் அறைக்கும் நடுவில் இருந்தது. மேற்குப் பக்கம் ஒரே ஜன்னல், அதற்குக் கதவு சரியாக அடையாது. இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை அந்த வழியாகத்தான் உள்ளே வரும். ஐப்பசியில் பெய்யும் துலாமழை ஓட்டு வழியாக வரும்.

எங்கள் ஹெட் கிளார்க் கோபாலபிள்ளை சார் அதியன்னூர்க்காரர். குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. ஒரு காரியத்தைச் சொல்லிக்கொண்டு அவர் மேசை முன்னால் போய் நின்றால், முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டித் தலைப்பால் ஒரு சில்லைத் துடைப்பார், பிறகு மற்றதை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், மறுபடியும் துடைப்பார். நாம் சொல்ல வந்ததில் பாதி அதற்குள் நமக்கே மறந்துவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெதுவாக, மிக அன்பாகக் கேட்பார்.

"அதுக்கு வகுப்பு உண்டா சரோஜினி?"

சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு உண்டா என்று அர்த்தம். ஜன்னலைச் சரிசெய்ய வகுப்பு கிடையாது. எலிக்கு மருந்து வைக்க வகுப்பு கிடையாது. துருவுக்கு உறுதியாகக் கிடையாது. அவர் கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்காதவர், யார் வீட்டுச் சாவுக்கும் முதலில் போய் நிற்பவர். ஆனால் எதையும் செய்யாமல் இருந்தால் எந்தத் தப்பும் நடக்காது என்று முழு மனதோடு நம்பியவர். ஒரு கெட்ட மனிதரோடு சண்டை போடலாம். இவரோடு என்ன செய்வது?

அட்டெண்டர் மரியதாசன் கடற்கரைப் பக்கத்துக்காரர். அவரால் சும்மா இருக்க முடியாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு வெட்டுக்கத்தி கேஸ் இருந்தது. கத்தி சிவக்கத் தொடங்கியதைப் பார்த்து, நான் விடுப்பில் இருந்த நாளில், வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து அலகு முழுக்கப் பூசிவிட்டார். இரும்புக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. கொஞ்ச நாளில் அது காறிப் பசையாகும், தூசியைப் பிடிக்கும், புளிப்பேறித் தானே இரும்பை அரிக்கத் தொடங்கும். விசாரணையன்று கத்தியைப் பிரித்தபோது எறும்பு ஊர்ந்தது. தொண்டியில் கைவைத்துவிட்டார்கள் என்று வக்கீல் நின்றார். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. மரியதாசன் என் மேசைப் பக்கம் வந்து தலையைச் சொறிந்தார். "நான் நல்லதுக்காக்கும் செய்தேன்" என்றார். அதுவும் உண்மைதான். அந்த அறையில் நல்லதுக்குச் செய்வதற்கு இடமில்லை என்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் வெள்ளறடைப் பக்கத்திலிருந்து அம்புக் கட்டு வந்தது.

விஷயம் இதுதான். மலையடிவாரத்தில் பாஸ்கரன் என்பவருக்கு மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோட்டம் இருந்தது. பன்றி வந்து கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும். சுட்டால் காட்டிலாகாவுக்குச் சத்தம் கேட்கும் என்பதால் அவர் வில் வைத்திருந்தார். அம்பு முனைகளை லாரியின் அடியில் இருக்கும் பழைய இரும்பு ப்ளேட்டை வெட்டி, அரத்தால் ராவி, அவரே செய்வார். இரண்டு பக்கமும் கூர், வேப்பிலை அகலம். அந்த ஊரில் அவருடைய அம்பைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. போலீஸ் கேட்டபோது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறவள் லீலா. கணவன் இல்லை, ஒரு மகள். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவாள். அன்றைக்கு விளக்கு அணைந்து, அதைத் தட்டிப் பார்ப்பதற்காக வேலியோரம் குனிந்திருக்கிறாள். அம்பு தொடையில் ஏறியது. பாஸ்கரன் ஓடிவந்து பார்த்திருக்கிறார். அம்பைப் பிடுங்கி, தன் துண்டால் காலைக் கட்டி, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து ஓர் ஆட்டோவை நிறுத்தியிருக்கிறார். அதுவரைக்கும் ஒரு மனிதன் செய்ய வேண்டியதைத்தான் செய்தார். ஆட்டோக்காரன் என்ன ஆச்சு என்று கேட்டதும், ரப்பர் வெட்டுகிற கத்திமேல் விழுந்துவிட்டாள் என்று சொன்னார். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு அவரால் திரும்ப எடுக்க முடியவில்லை.

லீலா ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்ததும் நடந்ததைச் சொன்னாள். போலீஸ் போய்ப் பாஸ்கரனின் மாட்டுத் தொழுவத்துக் கூரையிலிருந்து மூன்று அம்புகளை எடுத்தது. என்னுடையது இல்லை, யார் செருகி வைத்தார்களோ தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார். ஊர் அவர் பக்கம் நின்றது. அவர் பழைய குடும்பம், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். லீலா அவருடைய நிலத்தில் ஒரு துண்டு எழுதி வாங்கப் பார்க்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. தோட்ட முதலாளி அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார். நரம்பு அறுந்து கால் ஒரு பக்கம் இழுத்துவிட்டது, வந்தாலும் வேலை செய்திருக்க முடியாது. அது வேறு விஷயம்.

அம்புகள் ரசாயனப் பரிசோதனைக்குப் போய்த் திரும்பி வந்தன. ரத்தக் கறை உண்டு, ஆனால் மனித ரத்தமா என்று சொல்லும் அளவுக்குப் போதாது என்று பதில். கட்டைச் சுற்றித் துணி, துணிமேல் அரக்கு முத்திரை. கையில் வாங்கிப் பார்த்தேன். துணி ஈரமாக இருந்தது. உள்ளே செய்தித்தாள் சுற்றியிருப்பது தடவினாலே தெரிந்தது. மழையில் நனைந்த தாளைச் சுற்றி, அதன்மேல் துணியைக் கட்டி, அரக்கு வைத்து மூடியிருக்கிறார்கள். இரும்பைத் துருப்பிடிக்க வைக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல வழி கிடைக்காது.

இந்தக் கேஸில் கூர் என்பது சின்ன விஷயம் இல்லை என்பதை அரசு வக்கீல் எனக்குச் சொல்லியிருந்தார். காயம் ஒடுக்கமாக, ஆழமாக, இரண்டு பக்கமும் சுத்தமாக அறுத்துக்கொண்டு போயிருந்தது. ரப்பர் வெட்டுகிற கத்தியின் நுனி வளைந்தது, அதன்மேல் விழுந்தால் அப்படிக் காயம் வராது. இப்படியொரு அம்பால் வரும். டாக்டர் அம்பைக் கையில் வாங்கிப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். அதற்கு அம்பு அம்பாக இருக்க வேண்டும்.

கட்டைப் பிரித்து, ஈரத்தாளை நீக்கி, முனைகளைத் துடைத்து வாசலின் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி மறுபடி முத்திரை வைக்க அனுமதி வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். இரு தரப்பு வக்கீல்களும் நிற்க, மாஜிஸ்திரேட் முன்னாலேயே செய்யலாம், பரிசோதனை முடிந்துவிட்டதால் கறை போய்விடும் என்ற பயமும் இல்லை என்றும் எழுதினேன். அப்போது இருந்த மாஜிஸ்திரேட் விஷயத்தைச் சொன்னால் கேட்கிற மனிதர். கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் குறிப்பு கோபாலபிள்ளை சார் வழியாகத்தான் போக வேண்டும்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"முத்திரை வச்சது வச்சபடி இருக்கணும். நாம தொட்டா நம்ம பேருல வரும். தொடாம இருந்தா துருவுக்க பேருல வரும்" என்றார்.

நான் விடவில்லை. கோர்ட்டில் கொண்டுபோய் வைக்கும்போது கூர் இருக்காது சார் என்றேன். கூர் இருந்தது என்று, கைப்பற்றியபோது எழுதிய போலீஸ் மஹசரில் இருக்கிறதே, போதும் என்றார். எழுதிய கூரால் டாக்டர் எப்படிச் சாட்சி சொல்வார் என்று கேட்டேன். அதற்கு அவர், ஆலோசிப்போம் என்று குறிப்பை வாங்கி மேசையின் இழுப்பறைக்குள் வைத்தார். அவர் ஆலோசித்துக்கொண்டிருக்கும்போதே மாஜிஸ்திரேட்டுக்கு மாற்றல் வந்தது. பொறுப்புக்கு வந்தவர்கள் அன்றாட ஜாமீன் மனுவைத் தவிர எதையும் தொடவில்லை.

முத்திரையைத் தொடக்கூடாது, சரி. முத்திரைக்கு வெளியே இருப்பதையாவது செய்யலாம் என்று இறங்கினேன். மரியதாசன் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்த் துண்டு கொண்டுவந்தார். வெற்றிலைச் சுண்ணாம்பு விற்கிறவளிடம் சொல்லி நீற்றாத சுண்ணாம்புக் கல் வாங்கினேன். அது ஈரத்தை உறிஞ்சும். கல்லைத் துணியில் முடிந்து குழாயின் அடியில் போட்டு, அம்புக் கட்டை உள்ளே நிறுத்தி, இரண்டு பக்கமும் மூடி போட்டேன். கல் பொடிந்து மாவானதும் எடுத்துவிட்டுப் புதுக் கல் போடுவோம். அந்தக் குழாய்க்கும் வகுப்பு இல்லைதான். முத்திரை உடையாததால் கோபாலபிள்ளை சார் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். அது அவர் எனக்குச் செய்த பெரிய உதவி என்றே சொல்ல வேண்டும்.

அப்போதுதான் ஒரு ரப்பர் ஷீட் திருட்டு கேஸ் வந்தது. ஷீட்டோடு ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் ஒரு ஜாடி நிறைய. மூடி விரிசல் விட்டிருந்தது. சில வாரங்களில் அறையில் இருந்த இரும்பெல்லாம் சிவந்துவிட்டது. பூட்டு, பெஞ்சு மூட்டு, என் கத்தரிக்கோல், ஜன்னல் கம்பி எதுவும் தப்பவில்லை. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் எரிந்தது. ஜாடியை வெளியே வைக்க வேண்டும் என்று எழுதினேன். தொண்டி தொண்டி அறையில்தான் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. மாதிரி மட்டும் வைத்துவிட்டு மீதியை அழிக்க உத்தரவு கேட்கலாமே என்று எழுதினேன். ஆலோசிக்கலாம் என்று பதில் வந்தது. மூன்றாவது முறை போனபோது கண்ணாடியின் இரண்டு சில்லையும் துடைத்து முடித்துவிட்டு, உனக்கு இந்த அறை பிடிக்கவில்லை என்றால் வேறு செக்‌ஷன் பார்க்கலாம் சரோஜினி என்றார். நான் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

கோபாலபிள்ளை சார் தன் குடையை என் அறை மூலையில்தான் சாத்தி வைப்பார், அவர் அறையில் சொட்டுமாம். ஒரு நாள் நல்ல மழையில் வாசலில் நின்று குடையை விரித்தார். கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்து துணி அவர் தலைமேல் உட்கார்ந்தது. மரியதாசன் உடனே தூணுக்குப் பின்னால் போய்விட்டார். மறுநாள் ஜாடி வராந்தாவின் கோடிக்குப் போய்விட்டது. எந்த வகுப்பு என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீலா வருவாள். காலை இழுத்துக்கொண்டு பேருந்து ஏறி வந்து, கூட்டத்தில் நிற்க முடியாமல், பின்வாசல் வழியாக நுழைந்து என் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கழிப்பறைப் பக்கம் என்பதால் அங்கே யாரும் வர மாட்டார்கள். பாஸ்கரன் ஊர்க்காரர்களோடு முன் வராந்தாவில் நிற்பார். ஒருவரையொருவர் பார்க்காமலே வந்து போவார்கள். கேஸ் எடுக்காமல் அடுத்த வாய்தா போடுவார்கள். ஒரு முறை வக்கீல் வரவில்லை, ஒரு முறை மாஜிஸ்திரேட் இல்லை, ஒரு முறை பந்த்.

ஒரு தடவை அவள் அம்பைப் பற்றி என்னிடம் கேட்டாள்.

"அந்தச் சாதனம் உள்ள உண்டா அக்கா?"

"உண்டு."

"துரு தின்னு போகாதே? எனக்கு வேற சாட்சி இல்ல."

போகாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழாய் மூடியைத் திறந்து பார்த்தேன். துணியின் வெளிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது. ஆனால் முனை இருக்கும் இடத்தில் ஒரு தவிட்டு நிறக் கறை ஊறி வந்திருந்தது. போன மாதம் அது கட்டைவிரல் அளவு இருந்தது. இப்போது உள்ளங்கை அளவு. வெளியே நான் என்ன சுண்ணாம்பு வைத்து என்ன, உள்ளே கட்டி வைத்த ஈரம் அதன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. அரக்கு மட்டும் நேற்று வைத்ததுபோல் பளபளவென்று இருந்தது. அந்த அரக்கைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வரும்.

கடைசியில் ஒரு புது மாஜிஸ்திரேட் வந்தார். இளைஞர், அதிகம் பேசாதவர். விசாரணைக்கு நாள் குறித்தார். அம்புக் கட்டை நான்தான் கோர்ட் அறைக்கு எடுத்துப் போனேன். எல்லார் முன்னாலும் முத்திரையை உடைத்தேன். துணியைப் பிரித்ததும் தூள் கொட்டியது. மூன்று அம்புகளும் ஒன்றோடொன்று ஒட்டி, தாளோடு கட்டியாகியிருந்தன. பிரித்து எடுத்தபோது முனைகள் அடுக்கடுக்காக உப்பி, பழைய கதவுக் கீல் மாதிரி இருந்தன. இரண்டு பக்கத்துக் கூரும் இருந்த இடம் தெரியவில்லை. நடு அம்பில் முனைக்குக் கீழே சுற்றியிருந்த சிவப்பு நூல் கறுத்துப் போயிருந்தது.

லீலாவைக் கூண்டில் நிற்க வைத்துக் காட்டினார்கள். உன் காலில் ஏறியது இதுவா என்று அரசு வக்கீல் கேட்டார். அவள் நெடுநேரம் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், சொல்லு பிள்ளே, சொல்லு என்று.

"நூலு இதாக்கும்" என்றாள். "ஆனா சார், அது மினுங்கிச்சு. இது மினுங்கல்ல."

பாஸ்கரனின் வக்கீல் எழுந்து, அப்படியென்றால் இது அது இல்லை என்று சொல்கிறாய் என்றார். அவள் எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது சார் என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் கூண்டில் படும் பாடு எனக்குப் பார்த்துப் பழகியதுதான். அன்றைக்கு மட்டும் தாங்க முடியவில்லை. டாக்டர் வந்தார். வக்கீல் அம்பை எடுத்து, தன் முன்கையில் மேலும் கீழும் தேய்த்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை, செந்தூள் மட்டும் ஒட்டியது. இந்தப் பொருளால் அந்தக் காயம் வருமா என்றார். டாக்டர் அம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்றைக்கு இருக்கிற நிலையில் வராது என்றார். முன்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னார். வக்கீலுக்கு முதல் பாதி போதுமாக இருந்தது.

நான் அம்புகளைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு கோபாலபிள்ளை சாரின் மேசைக்கு நேரே போனேன். துணியை விரித்துக் காட்டினேன். என் குரல் உயர்ந்துவிட்டது. இழுப்பறையில் இருக்கும் என் குறிப்பை எடுங்கள் சார், அதில் என்ன எழுதியிருந்தேன் என்று படியுங்கள் என்றேன். செக்‌ஷனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்குத் துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார். முத்திரை உடையாமல் போயிருக்கிறது சரோஜினி, நம்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே ஆறுதலாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது.

அதற்கடுத்த வாய்தா, பிரதியிடம், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரிடம், மாஜிஸ்திரேட் நேரே கேள்வி கேட்கும் நாள். சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள். இல்லை, பொய், தெரியாது என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பார். பாஸ்கரன் வெள்ளை வேட்டி உடுத்து வந்து நின்றார். மூன்று அம்புகளும் மேசைமேல் விரித்துக் கிடந்தன. லீலா கடைசிப் பெஞ்சில் இருந்தாள். கேள்விகளுக்கு அவர் சரியாகத்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். தொழுவத்திலிருந்து எடுத்தது பொய். லீலா சொன்னது பொய். ஆனால் சொல்லும்போது அவர் கண் மாஜிஸ்திரேட் முகத்தில் இல்லை, மேசைமேல் இருந்தது. போன தடவையும் அவர் அப்படித்தான் அந்த அம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நினைவு வந்தது.

மாஜிஸ்திரேட் ஓர் அம்பை எடுத்துப் பார்த்தார். முனையிலிருந்து ஒரு சில்லு உதிர்ந்து காகிதத்தில் விழுந்தது. இதைக்கொண்டு பன்றியை அடிப்பார்களா என்று தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டார். வக்கீல் சிரித்தார், இதால் வாழைத்தண்டைக் குத்த முடியாது என்றார். கோர்ட்டில் பலர் சிரித்தார்கள். பாஸ்கரன் சிரிக்கவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"சாரே, அது துரு பிடிச்ச கெடப்பாக்கும்" என்றார். "எனக்க கையில இருந்தப்போ ஒரு பொட்டுத் துரு அதுல கண்டிருக்க மாட்டிய. தேன்மெழுகு உருக்கி முக்கி வச்சிருந்த சாதனமாக்கும். பன்னிக்க விலாவுல இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வரும். இப்பிடி நாசமாக்கி வச்சிருக்குது ஆரு?"

வக்கீல் இருமினார். பாஸ்கரனுக்கு அது காதில் விழவில்லை. வருஷக்கணக்கில் ராவிக் கூர் தீட்டி, மெழுகில் தோய்த்துப் பாதுகாத்த பொருளை ஊர் சேர்ந்து சிரித்துவிட்டது, அதை அவரால் தாங்க முடியவில்லை. மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை மெழுகைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தோய்ப்பாராம். கேட்பவர்கள் யார், நிற்கிற இடம் எது என்பதே மறந்து சொல்லிக்கொண்டு போனார். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே, அவசரமில்லாமல் கேட்டார்.

"லீலாவுக்க காலுல ஏறினது எது?"

 அவருக்கு அப்போதுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிந்தது. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வக்கீலைப் பார்த்தார், பிறகு கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல அப்போதும் வழி இருந்தது.

"நடுவுல உள்ளது" என்றார். "பன்னின்னு நெனச்சேன் சார். மனுசன்னு தெரிஞ்சு விட்டதில்ல."

அன்று மாலை கோபாலபிள்ளை சார் என் அறை வாசலில் வந்து நின்றார். அம்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தால் அவன் வாயைத் திறந்திருப்பானா, யோசித்துப் பார் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். திறந்திருக்க மாட்டான்தான். அந்த எரிச்சலை நான் பணி ஓய்வுக்குப் பிறகும் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். ஒரு பெண்ணின் ஒரே சாட்சியை இவர்கள் அழுகவிட்டார்கள், அழுகியதே சாட்சியாகிவிட்டது. அதனால் அவர்கள் செய்தது சரியாகிவிடுமா? அடுத்த கேஸின் தொண்டியையும் அப்படியேதான் வைத்திருந்தார்கள். அடுத்த கேஸில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதையை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

தீர்ப்பு நாளில் பாஸ்கரனுக்குத் தண்டனை சொன்னார்கள். தெரிந்து செய்ததில்லை என்பதையும், தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியதையும் பார்த்துக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் யாரும் அன்று அவரோடு வரவில்லை, மனைவி மட்டும் வந்திருந்தாள். கான்ஸ்டபிள் அவரை வராந்தா வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தார். லீலா வழக்கம்போல் என் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். அந்த வழியில்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. நான் சாவியும் கையுமாக வாசலில் நின்றேன்.

அவர் அவள் எதிரே வந்ததும் நின்றுவிட்டார். கான்ஸ்டபிள் நல்ல மனிதர், இழுக்கவில்லை. அந்த அம்பை விட்ட நாளிலிருந்து அன்றுவரை, இத்தனை வாய்தாவுக்கு வந்தும், அவர் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"காலு எப்பிடி உண்டு லீலா?"

அவள் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மழைக்கு நோவும்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். போகலாம் என்று கான்ஸ்டபிளிடம் அவரே சொன்னார். லீலா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மகளின் பள்ளிக்கூடம் விடுவதற்குள் போக வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, முதல் தடவையாக முன்வாசல் வழியாக வெளியே போனாள்.